குரலுக்கு ஆறு பேட்டரி

பள்ளி விட்டு வீடு திரும்பினால் விநாசித்தம்பி முதலில் சப்பாத்தைக் கழற்ற மாட்டார், பேட்டரியைத்தான் கழற்றுவார். தோள்பையிலிருந்து, நாடா ஓட்டும் ரேடியோ கேசட்டை எடுத்து மேசையில் குப்புறப் போடுவார். முதுகு மூடியைத் திறந்து ஆறு பெரிய பேட்டரிகளையும் ஒவ்வொன்றாக உருவுவார். பிறகு கொல்லைச் சுவரின்மேல் வெயில் படும் இடமாகப் பார்த்து நிறுத்துவார். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருக்க வேண்டும். கோணலாக நிற்பதை நகத்தால் தட்டி வரிசைக்குக் கொண்டுவருவார். பக்கத்திலேயே அவர் மனைவி புஷ்பராணியின் மோர்மிளகாய் தட்டில் காய்ந்துகொண்டிருக்கும். அதற்கு வரிசையும் இல்லை, ஒழுக்கமும் இல்லை என்பது அவருடைய நெடுநாள் குறை.

"செத்த பேட்டரிய வெயில்ல வெச்சா எழுந்திருச்சிடுமா சார்?" என்று பக்கத்து வீட்டு ருக்குமணி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பாள்.

"இன்னும் உசுரு இருக்குலா. யாழ்ப்பாணத்தான் ஒரு பொருளத் தூக்கிப் போட்டான்னா, அது சாம்பலாப் போனப்புறம்தான்."

பேசுவது காதில் விழ வேண்டுமென்றால் ருக்குமணி வேலிவரை வர வேண்டும். ஏனென்றால் விநாசித்தம்பிக்குக் குரல் கிடையாது. இருப்பதெல்லாம் காற்றும் கரகரப்பும்தான்.

இது 1988. அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. பினாங்கு நகரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் இருபத்தொன்பது வருடமாக உடற்கல்வி ஆசிரியர். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே குமாஸ்தாவாக வந்தவர். பிள்ளைகளைப் படி படி என்று அடித்து வளர்த்தார். பலன் என்ன என்று கேட்டால் விநாசித்தம்பியே சொல்வார்: "எங்க வீட்டுல ரெண்டு டாக்டர், ஒரு வக்கீல், ஒரு விசில்." கல்யாண வீடுகளில் அண்ணன்மார் ஆங்கிலத்தில் ரத்தக் கொதிப்பைப் பற்றிப் பேசும்போது, இவர் பந்தியில் இலை போடுகிறவர்களை நேர்வரிசையில் நிறுத்திக்கொண்டிருப்பார். கை சும்மா இருக்காது.

உடற்கல்வி ஆசிரியருக்கு உடல் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி அவருக்கு இல்லை. தொப்பை முன்னே போகும், அவர் பின்னால் போவார். "குனிஞ்சு கால் விரலத் தொட்டு இருபது வருசமாச்சு. இப்ப குனிஞ்சா கால் தெரியல, நிமிந்தா உலகம் தெரியல" என்பார். ஊருக்குத்தான் உபதேசம் என்று மற்ற ஆசிரியர்கள் கிண்டல் செய்வதற்குள் தானே சொல்லி முடித்துவிடுவார். மற்றவர்களுக்கு மிச்சம் வைக்க மாட்டார்.

ஆனால் ஒரு காலத்தில் அவருக்குக் குரல் இருந்தது. அது குரலா, கோயில் மணியா! திடலின் இந்த முனையில் நின்று 'நில்!' என்றால் முப்பத்துநாலு பிள்ளைகளும் நிற்பார்கள். வெளியே சாலையில் போகிற ட்ரைஷாக்காரனும் பிரேக் பிடிப்பான். பக்கத்துக் கோப்பிக் கடையில் பரிமாறுகிறவன் கிளாஸும் கையுமாக அப்படியே நின்றுவிட்டான் என்று ஒரு கதை உண்டு. கதையைக் கட்டியவர் விநாசித்தம்பியேதான்.

போன வருடக் கடைசியில் கல்வி இலாகா எல்லாப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர்களையும் இரண்டு நாள் பயிற்சிக்குக் கூப்பிட்டது. உடற்பயிற்சி வகுப்பில் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவது எப்படி என்பது பாடம். கழுத்துப்பட்டை கட்டிய இளைஞர் ஒருவர் வரைபடம் போட்டு விளக்கினார். "ஓடுறதுக்கு எதுக்குத் தம்பி கரண்டு?" என்று விநாசித்தம்பி எழுந்து கேட்டார். மண்டபமே சிரித்தது. சிரித்து முடித்ததும் பள்ளிக்கு ஒரு ரேடியோ கேசட் கொடுத்து, பயிற்சி நாடா ஒன்று தயாரித்துப் பதிவேட்டில் காட்ட வேண்டும் என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

தொழில்நுட்பத்துக்கும் அவருக்கும் எப்போதும் ஏழாம் பொருத்தம். லண்டனில் இருக்கும் டாக்டர் அண்ணன் தியாகராஜா ஒரு மின்னணு நிறுத்துக் கடிகாரம் அனுப்பியிருந்தார். பொங்கலன்று ஓடத் தொடங்கிய அதை எந்தப் பொத்தானை அழுத்தி நிறுத்துவது என்று அவருக்கு இன்றுவரை தெரியவில்லை. மேசை இழுப்பறையில் கிடந்து ஓடிக்கொண்டே இருந்தது. "நம்ம பள்ளியில நீண்ட தூர ஓட்டத்துல அதுதான் சேம்பியன்" என்பார்.

அப்படிப்பட்டவர் நாடா தயாரித்தால் எப்படி இருக்கும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பிளக் ஒழுங்காக வேலை செய்கிற ஒரே இடம் என்பதால், சமையலறையில் உட்கார்ந்து அரை மணி நேரப் பயிற்சியைப் பதிவு செய்தார். பாத்திரம் கழுவும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு, "கைய மேல! ஒண்ணு, ரெண்டு" என்று முழங்கினார். நாலாவது நிமிடம் வந்தது. புது வருடத்தில் ஐந்தாம் ஆண்டுக்குப் போகிற வகுப்பில் நாலாவது நிமிடம் என்றால், சல்மா என்கிற பெண் பக்கத்தில் நிற்கும் காமாரியாவிடம் பேசத் தொடங்கும் நிமிடம். வாய் பழக்கத்தில் தானாகச் சொல்லிவிட்டது: "சல்மா, வாய மூடு!"

அடுப்படியில் நின்ற புஷ்பராணி திரும்பினாள். "ஆரது சல்மா?"

அதுவும் பதிவாகிவிட்டது. ஆறாவது நிமிடத்தில் இவர் இரண்டு முறை இருமினார். ஒன்பதாவது நிமிடத்தில் வாசலில் ரொட்டி பாய் அப்துல் ரஹீமின் மோட்டார் சைக்கிள் 'பொம் பொம்' என்று ஹார்ன் அடித்தது. "ரொட்டி பாயை நிக்கச் சொல்லும்!" என்று மனைவிக்கு ஆணையிட்டார். பன்னிரண்டாவது நிமிடத்தில் அவள் பொறுமை இழந்து, "இஞ்சேருங்கோ, தேத்தண்ணி ஆறுது!" என்றாள். இவர் அவசரமாக ஒரு மடக்கு தேநீர் குடித்துவிட்டு, "குனி! கால் விரலத் தொடு!" என்று தொடர்ந்தார். அழித்து மறுபடி பதிவு செய்திருக்கலாம். 'காட்டத்தானே, கேட்கவா போறானுங்க' என்று அலமாரியில் போட்டுவிட்டார்.

ஜனவரியில் தொண்டையில் கட்டி என்றார்கள். அறுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை, முருகன் காப்பாற்றினான். ஆனால் குரல் போய்விட்டது. "இனிக் கத்தவே கூடாது, விசிலும் ஊதக்கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். கோயில் மணியாக இருந்தது சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற சத்தமாக ஆகிவிட்டது.

முதலில் ஓர் ஒலிபெருக்கிக் குழாய் வாங்கிப் பார்த்தார். கரகரப்பைப் பெரிதாக்கினால் பெரிய கரகரப்புத்தானே வரும்? முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் பேய் என்று அலறிக்கொண்டு வகுப்புக்குள் ஓடினார்கள். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. அன்று மாலை அலமாரியைத் திறந்தபோதுதான் அந்த நாடா கண்ணில் பட்டது. போட்டுக் கேட்டார். தன்னுடைய பழைய குரல் சமையலறையில் முழங்குவதைக் கேட்டுவிட்டு, நாடாவை முதலிலிருந்து மறுபடி ஓட்டினார். புஷ்பராணி தேநீரை வைத்துவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து ரேடியோ கேசட்தான் அவருடைய தொண்டை. பள்ளிச் சொத்தை ஏன் தினமும் வீட்டுக்குத் தூக்கிப் போகிறீர்கள் என்று தலைமையாசிரியர் கார்த்திகேசு ஒருநாள் கேட்டார். "குரல யாராச்சும் ஸ்டோர்ல பூட்டி வெச்சிட்டுப் போவாங்களா சார்?" என்றார் இவர். கார்த்திகேசு நல்ல மனிதர். மேலிடத்துக்குத் தெரிந்தால் மெடிக்கல் போர்டு வைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது அவருக்கும் தெரியும். "நீங்க பேசல, நான் கேக்கல. நம்ம ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியாதுலா" என்று சொல்லிவிட்டார்.

பிள்ளைகள் முதல் வாரம் தரையில் விழுந்து சிரித்தார்கள். இரண்டாம் வாரம் புன்னகையோடு நிறுத்திக்கொண்டார்கள். ஒரு மாதத்தில் அதுவே பாடம் ஆகிவிட்டது. நாடா "சல்மா, வாய மூடு!" என்றால் சல்மா பேச்சை நிறுத்துவாள். "ஆரது சல்மா?" என்று பெண் குரல் கேட்டால் கையைத் தூக்கி "நான்தான் டீச்சர்!" என்பாள். தேத்தண்ணி ஆறினால் வகுப்பே குனியும். 'குனி' என்று சொல்லும்வரை யாரும் காத்திருப்பதில்லை. ஒருநாள் சல்மாவின் தாய் ஹாஜரா பள்ளிக்கே வந்துவிட்டாள். "சார், வீட்டுல தேத்தண்ணி ஆறுதுன்னு கூப்பிட்டா புள்ள கால் வெரலத் தொடுதே, என்ன சார் சொல்லிக் குடுக்குறீங்க?"

"ஒடம்புக்கு நல்லதுமா" என்று கரகரத்தார் விநாசித்தம்பி.

ஆகஸ்ட் மாதம் கடிதம் வந்தது. பள்ளி ஆய்வாளர் ராமதாஸ் வியாழக்கிழமை வருகிறார், உடற்கல்வி வகுப்பைப் பார்க்கிறார். ஆய்வாளரை அங்கே மலாய்ச் சொல்லால் 'நாசீர்' என்பார்கள்; அந்தச் சொல்லைக் கேட்டாலே ஆசிரியர்கள் பழைய பதிவேடுகளைத் தேடி ஓடுவார்கள். அதிலும் ராமதாஸ் சிவப்பு மையில் எழுதுகிறவர். கடிதத்தை விநாசித்தம்பி இரண்டு முறை படித்தார். ஓய்வூதியத்தைப் பற்றிக் கவலையில்லை, போர்டு வைத்து அனுப்பினாலும் ஏதோ கொடுப்பார்கள். காலை ஏழரை மணிக்கு அவர் எங்கே போவார்? அதுதான் கேள்வி. திடல் இல்லாத ஒரு காலையை அவர் இருபத்தொன்பது வருடமாகப் பார்த்ததில்லை. விசிலும் ஊதாத விசிலாக அண்ணன்மார் நடுவே உட்கார்ந்திருப்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

புத்திசாலியாக இருந்தால் அன்றே கடைக்குப் போய் ஆறு புதுப் பேட்டரி வாங்கியிருப்பார். ஆனால் வெயிலில் காய்ந்தே ஏழு மாதம் ஓடிய பேட்டரியை எப்படிக் கைவிடுவது? திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் பினாங்கில் அடைமழை. கொல்லைச் சுவர் ஊறிப்போய் நின்றது. புதன் மத்தியானம் பேட்டரிகளைச் சோற்றுப் பானை மூடியின்மேல் வரிசையாக நிறுத்திவைத்தார். பார்த்த புஷ்பராணி தலையில் அடித்துக்கொண்டாள்.

"இஞ்ச பாருங்கோ, கடையில வித்துக்கொண்டுதானே இருக்கிறான்? புதுசா ஆறு வாங்கினா உங்கட பரம்பரையே அழிஞ்சு போயிடுமோ?"

"இன்னும் உயிர் இருக்கப்பா" என்றார் அவர். பேட்டரி ஒன்றைத் தடவிப் பார்த்தார். சூடாக இருந்தது. அந்தச் சூட்டை உயிர் என்று நம்பினார்.

வியாழக்கிழமை மழை விட்டு, வானம் கழுவிவிட்டதுபோல இருந்தது. எட்டேகால் மணிக்கு ராமதாஸ் கோப்பும் பேனாவுமாகத் திடலோரத்தில் வந்து நின்றார். பின்னால் கார்த்திகேசு. முப்பத்துநாலு பிள்ளைகளும் ஒரு கை இடைவெளி விட்டு நின்றார்கள். விநாசித்தம்பி நாசீருக்கு வணக்கம் வைத்தார், வாயைத் திறக்கவில்லை. பொத்தானை அழுத்தினார்.

"அஞ்சாம் ஆண்டு! நேரா நில்லு!" என்று கோயில் மணி முழங்கியது. ராமதாஸ் திடுக்கிட்டு நிமிர்ந்தார். சாலையில் யாரோ பிரேக் பிடிக்கும் சத்தம்கூடக் கேட்டது. விநாசித்தம்பிக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை இரண்டு நிமிடம் நின்றது.

மூன்றாவது நிமிடத்தில் குரல் தடித்தது. "கைய... மே...ல..." சேற்றில் இறங்கிய எருமைபோல இழுத்தது. "ஒ...ண்...ணு..." பிள்ளைகள் என்ன செய்வார்கள்? சார் குரல் மெதுவாகப் போனால் கையும் மெதுவாகத்தானே போக வேண்டும்? முப்பத்துநாலு பேரும் காற்றில் பாயசம் கிண்டுவதுபோலக் கையைத் தூக்கினார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை.

"என்ன சார் இது, ஸ்லோமோஷனா? புது மெத்தட்டா?" என்று கேட்டார் ராமதாஸ்.

விநாசித்தம்பி ஆம் என்றும் இல்லை என்றும் தலையாட்டினார். "ரெ...ண்..." என்று முனகிவிட்டு ரேடியோ கேசட் அடங்கியது. அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். பக்கவாட்டில் ஒரு தட்டு. முருகா என்று மனதுக்குள் கூப்பிட்டு இன்னொரு தட்டு. ம்ஹூம். கை விசிலுக்குப் போனது, டாக்டரின் முகம் ஞாபகம் வந்தது. வாயைத் திறந்தார், காற்றுத்தான் வந்தது. கைகளை மேலே தூக்கியபடி முப்பத்துநாலு பேரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கஞ்சத்தனத்துக்கு இப்படியா ஒரு தண்டனை என்று நொந்துகொண்டார். ஒழிந்தேன் என்றே நினைத்தார்.

அது நாலாவது நிமிடம். சல்மா வழக்கம்போல காமாரியாவின் காதில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஏழு மாதத்தில் முதல்முறையாக அவளைத் திட்ட ஆளில்லை. பேச்சை நிறுத்தினாள். ரேடியோ கேசட்டைப் பார்த்தாள், சாரைப் பார்த்தாள். பிறகு தொண்டையைத் தடிக்க வைத்துக்கொண்டு, அச்சு அசல் விநாசித்தம்பியாகவே கத்தினாள்:

"சல்மா, வாய மூடு!"

"ஆரது சல்மா?" என்று பின்வரிசையிலிருந்து புஷ்பராணியின் இழுப்போடு நாலைந்து குரல்கள் கேட்டன.

"நான்தான் டீச்சர்!" என்று தன் சொந்தக் குரலில் கையைத் தூக்கினாள் சல்மா.

அவ்வளவுதான், வண்டி கிளம்பிவிட்டது. "கைய கீழ! ஒண்ணு, ரெண்டு, மூணு!" திடல் அதிர்ந்தது. ஆறாவது நிமிடத்தில் முப்பத்துநாலு பேரும் இரண்டு முறை இருமினார்கள். ஒன்பதாவது நிமிடத்தில் "பொம் பொம்!" என்றார்கள். "ரொட்டி பாயை நிக்கச் சொல்லும்!" என்றார்கள். இடுப்பை வளைத்தார்கள், முட்டியை மடக்கினார்கள், ஓர் எண்ணிக்கை தவறவில்லை. "இஞ்சேருங்கோ, தேத்தண்ணி ஆறுது!" என்று ஒரே குரலில் கூவியபோது, அத்தனை தலைகளும் அத்தனை கால் விரல்களை நோக்கிப் போயின.

ஒரு குடும்பத்தின் சமையலறை முழுவதும் நாசீர் முன்னால் நடந்துகொண்டிருந்தது. விநாசித்தம்பிக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. வேர்வை வழிந்து சட்டைக் காலர் நனைந்தது.

"அந்தத் தேத்தண்ணி...?" என்றார் ராமதாஸ்.

"வீட்டுக்காரி, சார்."

ராமதாஸுக்குக் கேட்கவில்லை. கிட்டே வந்து காதைக் கொடுத்தார். விநாசித்தம்பி திரும்பவும் சொன்னார். ராமதாஸ் நிமிர்ந்து அவர் தொண்டையைப் பார்த்தார், அங்கிருந்த தழும்பையும் பார்த்தார். "குரலுக்கு என்ன சார்?"

சளி என்று சொல்வதற்கு மூன்று நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். நாசீருக்குப் பின்னால் நின்ற கார்த்திகேசுவும் மூக்கைத் தொட்டுத் தொட்டு, சளி என்று சொல்லுங்கள் என்று சைகை காட்டினார். திடலில் பிள்ளைகள் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அப்படித் தொண்டை கிழிய உழைக்கும்போது இவருக்குப் பொய் வாயில் ஏறவில்லை.

"போச்சு சார். ஜனவரியில ஆப்பரேசன். இனி வராதுன்னுட்டாங்க. பிள்ளைங்களுக்கு எல்லாம் தெரியும். உங்களத்தான் ஏமாத்தப் பாத்தேன்."

ராமதாஸ் பேனா மூடியைக் கழற்றினார். கோப்பைத் திறந்தார். மலாயில் அச்சடித்த கேள்விகள் வரிசையாக இருந்தன. ஆசிரியரின் கட்டளை மாணவர் அனைவருக்கும் தெளிவாகக் கேட்கிறதா என்பது ஏழாவது கேள்வி. ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். சிவப்புப் பேனா 'இல்லை' கட்டத்துக்குமேல் நின்றது. எழுதவும் இல்லை, நகரவும் இல்லை. "கடைசி வரிச, கோணலா நிக்காத!" என்று யாரோ ஒரு பொடிசு விநாசித்தம்பியின் குரலில் அதட்ட, கடைசி வரிசை பக்கத்துக்கு ஒரு அடி நகர்ந்து நேராக நின்றது.

ராமதாஸ் மீதி வகுப்பு முழுவதையும் நின்றே பார்த்தார். கடைசியில் பேனா 'ஆம்' கட்டத்துக்கு வந்து ஒரு சரி போட்டது. கீழே குறிப்புப் பகுதியில் ஒரு வரி எழுதினார். கார்த்திகேசு எட்டிப் பார்த்தார். பள்ளி நிர்வாகம் உடனே ஆறு பேட்டரிகள் வாங்கித் தரவும் என்று இருந்தது.

"இன்னிக்கே வாங்கிடறேன் சார்" என்றார் கார்த்திகேசு.

"அந்தப் பழசத் தூக்கிப் போட்டுருங்க சார்" என்று ராமதாஸ் விநாசித்தம்பியின் தோளைத் தட்டினார். இவர் ரொம்பப் பணிவாகத் தலையாட்டினார்.

நாசீரின் கார் கேட்டைத் தாண்டிப் போனது. பிள்ளைகள் வரிசையாக வகுப்புக்குப் போனார்கள். சல்மா படியேறும்போதும் பேசிக்கொண்டுதான் போனாள். விநாசித்தம்பி பெஞ்சில் உட்கார்ந்தார். கண்ணீர் வந்தது, துடைத்துக்கொண்டார். திடலின் குட்டைச் சுவரில் மூன்று நாளுக்குப் பிறகு நல்ல வெயில் விழுந்திருந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்தார். பிறகு ரேடியோ கேசட்டைக் குப்புறப் போட்டு, ஆறு பேட்டரிகளையும் உருவி, சுவரின்மேல் ஒரு விரல் இடைவெளி விட்டு நிறுத்தி, கோணலாக நின்ற நாலாவதை நகத்தால் தட்டி வரிசைக்குக் கொண்டுவந்தார்.